கணவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: என் கணவர் ஏழு வருடமாக 108 ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி.யாக (நோயாளிக்கு வண்டியிலேயே முதலுதவி செய்பவர்) இருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்பு, பைக் விபத்தில் அடிபட்ட ஒரு குழந்தையைக் கொண்டுபோயிருக்கிறார். எங்கள் மகளுக்கும் அதே வயதுதான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. போன் அடித்தால் திடுக்கிடுகிறார். மகளை பைக்கில் ஏற்ற மறுக்கிறார். லீவு நாளில் குடிக்கவும் ஆரம்பித்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டால் எரிந்து விழுகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். என்ன செய்வது?
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கணவருக்குப் பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. வேலையில் அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் வைத்தியம் பார்ப்பார் இல்லையா, அதே மாதிரி இதற்கும் பார்க்க வேண்டும்.

நோயாளி பிழைத்தாரா என்பது ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் கூட வந்தவருக்குப் பல நேரம் அதுகூடத் தெரியாது. வாசலில் ஒப்படைத்துவிட்டு, வண்டியில் இருக்கும் ரத்தத்தைக் கழுவி, அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட வேண்டும். நின்று அழ நேரம் ஏது? 'இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தால்' என்று அவர் மனதுக்குள் அந்த நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

கோரமான சம்பவத்துக்குப் பிறகு சில வாரம் தூக்கம் கெடுவது இயல்பு. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் திடுக்கிடல், எரிச்சல், சிலவற்றைப் பிடிவாதமாகத் தவிர்ப்பது எல்லாம் தொடர்ந்தால் பி.டி.எஸ்.டி.யாக, அதாவது கோரமான சம்பவம் மனதில் விட்டுப்போகும் பாதிப்பாக, இருக்குமா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர்தான். ஆனால் மூன்று மாதம் ஆகிவிட்டது, இனியும் பொறுக்க வேண்டாம்.

முதலில், "என்ன நடந்தது?" என்று கேட்பதை நிறுத்துங்கள். கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். மேல்நாடுகளில் 1980களிலிருந்து, மோசமான சம்பவம் முடிந்த கையோடு தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்லும் முறை பரவியது. பிற்பாடு ஆராய்ந்தபோது அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை, சிலருக்குப் பாதிப்பைக் கூட்டவும் கூடும் என்று தெரிந்தது. அவராகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பேசாவிட்டால், சாப்பாடு எடுத்துவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். அந்தச் சம்பவத்துக்குள் போய் வர, பயிற்சி பெற்ற ஒருவர் துணை வேண்டும். அதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது, நல்ல பலன் தருகிறது.

அன்று வண்டி ஓட்டிய பைலட்டை உங்களுக்குத் தெரியுமா? அவரிடம் பேசிப் பாருங்கள். "எனக்கும் அன்னைக்குத் தூக்கம் வரலை" என்று கூட இருந்தவர் சொன்னால் அதற்குத் தனி வலு. டாக்டரிடம் அவரே கூட வந்தால் இன்னும் நல்லது.

'மனநலம்' என்ற வார்த்தைக்கு மிரண்டால், தூக்கத்துக்குப் பார்க்கலாம் என்று கூப்பிடுங்கள். அது பொய்யில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கே தயங்கினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 2022இல் ஆரம்பித்தார்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். நீங்களும் கூப்பிடலாம். மூன்று மாதமாக நீங்களும்தானே தூங்கவில்லை?

குடித்தால் தூக்கம் வருவது போல இருக்கும், பாதி ராத்திரியில் கலைத்துவிடும். இதைப் போதையில் இருக்கும்போது சொல்லாதீர்கள், மறுநாள் சொல்லுங்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று, கேட்கத் தயங்குவீர்கள், ஆனாலும் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

மகளை பைக்கில் ஏற்றச் சொல்லி இப்போது வற்புறுத்த வேண்டாம். அவருக்கு லீவு இருக்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு இருவரும் நடந்தே போகட்டும்.