அந்த மூன்று செம்மறிகள் என்ன தின்றன?

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் சுங்கை சிப்புட் மகளுக்கு,

உன் கடிதம் நான்கு பக்கம். செர்டாங்கில் கால்நடைத் தீவனம் படித்தாய், கிள்ளானில் ஒரு தீவன ஆலையில் வேலை. சொந்தக்காரர்கள் "மாட்டுத்தீனி கலக்கவா இத்தனை வருஷம் படிச்ச?" என்று கேட்கிறார்கள். அம்மா வெட்கப்பட்டு "லேப்ல வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது படிக்கட்டுமா என்று கேட்கிறாய்.

இந்தக் குறையோடு எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம். மூன்றரைப் பக்கத்தை வேகமாகப் படித்துவிட்டேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: "போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவின் செம்மறிகள் மூன்று கண் மஞ்சளாகி, கோப்பி நிறத்தில் மூத்திரம் போய்ச் செத்துவிட்டன. வீடே சரியில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அம்மா முனியாண்டி கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தார்."

அதற்கு இரண்டு வரி தள்ளி, அப்பாவுக்கு ஆலை லாரிக்காரர் மலிவாகப் பிகேசி, அதாவது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, கொடுக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரியையும் நீ சேர்த்துப் படிக்கவே இல்லையா, மகளே?

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு பசுமாட்டுக்கு நல்ல தீனி. வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறி தாங்காது. ஒரு கிலோ பிகேசியில் 20 மில்லிகிராமுக்கு மேல் செம்புச் சத்து இருக்கும். செம்மறிக்கு அதில் பாதி போதும். மிச்சத்தை வெளியேற்றத் தெரியாமல் ஈரலில் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். வெளியே பார்த்தால் ஆடு கொழுகொழுவென்று இருக்கும். ஒருநாள் மழையில் நனைந்தாலோ, விரட்டிப் பிடித்து லாரியில் ஏற்றினாலோ, அந்தச் செம்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ரத்த அணுக்களை உடைக்கும். கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுக்கும், ஓரிரு நாளில் ஆடு போய்விடும். உன் அப்பாவின் ஆடுகள் இதனால்தான் செத்தன என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, அதைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கடிதத்தில் படித்த எனக்கே இந்தச் சந்தேகம் வருகிறது. இதையே படித்துப் பட்டம் வாங்கிய உனக்கு "அப்பா, என்ன தீனி போட்டீங்க?" என்று ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை!

எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க மாட்டேன். அந்த மனிதர் பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிவிட்டு, விடிகாலையில் பால் கறந்து விற்ற காசில்தான் படித்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். படிப்பு முதலில் படிக்க வைத்த வீட்டுக்குத்தான் கடன்பட்டது என்று நம்புகிறவள் நான். ஊரில் இருக்கும் கோழிப் பண்ணைக்கெல்லாம் மக்காச்சோளம் எத்தனை, சோயா எத்தனை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறாய். அப்பாவின் பட்டியில் இருக்கும் சாக்கை மட்டும் பிரித்துப் பார்த்ததில்லை.

அம்மா "லேப்ல வேலை" என்று சொல்வதும் இதனால்தான். நீ என்ன வேலை செய்கிறாய் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மூன்று ஆடு செத்தபோது நீ பட்டியில் நின்று, "இந்தத் தீனியை நிறுத்துங்க, மீதி ஆடு பிழைக்கும்" என்று சொல்லியிருந்தால், அவரே கோயில் வாசலில் நின்று உன் வேலையைப் பெருமையாகச் சொல்லியிருப்பார். அவர் முனியாண்டியிடம் வேண்டட்டும், அதில் தப்பில்லை. ஆனால் செய்வினை வைத்தது யார் என்று பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாயே, சுவரோடு சுவர் ஒட்டிய தோட்ட லயத்தில் அது எத்தனை வருஷப் பகையாகும் என்று உனக்குத் தெரியாதா?

வேலையை விடாதே. மாப்பிள்ளை வீட்டார் விஷயம் இப்போது முக்கியமில்லை. மாட்டுத்தீனி என்று முகம் சுளிக்கிறவர்கள் வீட்டில் நீ எப்படியும் நிம்மதியாக இருக்க மாட்டாய்.

கடிதம் கையில் கிடைத்ததும் முதலில் அப்பாவைக் கூப்பிடு. மிச்சம் ஐந்து செம்மறி இருப்பதாக எழுதியிருக்கிறாய். இன்றைக்கே அவற்றுக்குப் பிகேசியை நிறுத்தி, நேப்பியர் புல் வெட்டிப் போடச் சொல். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கட்டியையும் செம்மறிப் பக்கம் தொங்கவிட வேண்டாம், அதிலும் செம்பு இருக்கும். தீனியை நிறுத்திய பிறகும் ஈரலில் இருப்பது சில வாரம் ஆபத்துதான். அதனால் விரட்ட வேண்டாம், விற்க ஏற்ற வேண்டாம். கால்நடைத் துறை அலுவலகத்தில் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இடிஎஸ் ரயில் ஏறு, சுங்கை சிப்புட்டில் நிற்கும். அம்மாவையும் பட்டிக்குக் கூட்டிப் போ. சாக்கைப் பிரித்து, அவர் முன்னால் அப்பாவுக்கு விளக்கிச் சொல்.

அப்புறம், அந்த ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று எனக்கு எழுது.