மரணச் சான்றிதழா, காணாமல்போனமைக்கான சான்றிதழா?

கேள்வி: 2009 மே 18, வட்டுவாகல் பாலத்தடியில் அண்ணாவைப் படையினர் தனியாகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் அம்மாவும் கண்ணால் கண்டோம். பிறகு ஒரு தகவலும் இல்லை. போகாத ஆணைக்குழு இல்லை. காணி அவர் பேரில் இருப்பதால் இப்போது ஏதோ சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் அண்ணா இல்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும் என்று அம்மா அழுகிறா. என்ன செய்யலாம்? (ஒரு சகோதரி, கிளிநொச்சி)

பதில்: அம்மாவின் பயம் வீண்பயம் இல்லை. இறப்புகளைப் பதிவதற்கான 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அப்போது கிடைத்தது மரணச் சான்றிதழ் மட்டுந்தான். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகே காணாமல்போனமைக்கான சான்றிதழ் வந்தது. இதில் இறப்பு என்ற பேச்சே இல்லை; ஆளைக் காணவில்லை என்று அரசு ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். இதை எடுப்பதால் தேடுதல் நிற்காது. காணியைப் பராமரிக்க, வங்கி அலுவல் பார்க்க, உதவிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க இது உதவும். காணியை விற்கவோ பேர் மாற்றவோ நினைத்தால் காணி உறுதியோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தை நீட்டினாலும் தலைப்பை வாசித்த பிறகே அம்மா கையெழுத்து வைக்கட்டும். சிங்களத்தில் இருந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அங்கே பதிவு இருந்தால் சான்றிதழுக்கு அதையே ஆதாரமாக வைக்கலாம். ஆனால் அது நீதிமன்றமில்லை. அதன் முடிவுகளால் யாருக்கும் குற்றப் பொறுப்பு வராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் இருந்த அம்மாமார் அந்த அலுவலகத்தை ஏன் நம்பவில்லை என்பது எனக்குப் புரிகிறது. இருந்தும் பதிந்து வையுங்கள். பதியாததால் அண்ணாவுக்கு ஒரு நன்மையும் இல்லை.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் அண்ணாவின் விவரத்தை முன்பு கொடுத்திருந்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டோரைத் தேடித் தரச் சொல்லி அவர்களிடம் குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. மெனிக்பாம் முகாம் முகவரியோ பழைய போன் நம்பரோ கோப்பில் கிடந்தால் தகவல் வந்தாலும் உங்களிடம் சேராது. அதை மாற்றுங்கள். அவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். படையினர் கொண்டுபோனதைக் கண்டவர்கள் என்பதால் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய செயற்குழுவுக்கும் எழுதலாம். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கும் ஆட்கொணர்வு மனு என்றால் சட்டத்தரணியும் வேண்டும், பல வருடப் பொறுமையும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அவசரமாகப் படுவது வேறொன்று. பத்து இடத்தில் சொல்லிச் சொல்லிக் கதை தேய்ந்துபோகும். என்னிடம் வந்த ஓர் அம்மா எல்லாக் கடிதத்திலும் 'மகனை ஆமி கொண்டுபோனது' என்று ஒரே வரிதான் எழுதியிருந்தா. என்ன உடுத்திருந்தான் என்று கேட்டேன். நீலக் கோட்டுச் சாரம், கீழ்க்கரை கிழிந்து கறுப்பு நூலால் தானே தைத்தது என்றா. எட்டு வருடமாக ஒருத்தரும் அதைக் கேட்கவில்லையாம். 2025 ஓகஸ்டில் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் எடுத்த உடுப்புகளையும் பொருள்களையும் குடும்பங்கள் அடையாளம் காண மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அப்படியான இடத்தில் அந்தக் கறுப்பு நூல்தான் பேசும்.

ஆகவே இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு அம்மா பக்கத்தில் இருங்கள். பஸ்ஸில் ஏறிய நேரம், பஸ்ஸின் நிறம், கூட ஏறியவர்கள், உடுப்பு, விழுந்த பல்லு, சின்ன வயதில் முறிந்த கை, உடம்பில் இருந்த ஷெல் துண்டு எல்லாம் எழுதுங்கள். நினைவில்லாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். நீங்கள் கண்டதைத் தனித் தாளில் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். கீழே திகதி போட்டு அம்மாவின் கையெழுத்தை வாங்கி, பிரதியொன்றை வேறு வீட்டில் வையுங்கள்.