விமான சாகசம் வேண்டாமா?

கேள்வி: 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படையின் சாகசம் பார்க்கப் போன 5 பேர் வெயில் தாங்காமல் இறந்தார்கள். போர் விமானம் தலைக்கு மேல் பறப்பதில் சாமானியனுக்கு என்ன இருக்கிறது? இனி சென்னையில் இது வேண்டாம் என்று நீங்கள் எழுத வேண்டாமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: எழுத மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மணலில் நின்றவன். ரஃபேல் போர் விமானத்தை முதலில் பார்த்தது, என் பக்கத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன்தான். போர் விமானம் வரும் வேகத்துக்குச் சத்தம் வரும் பக்கம் தேடினால் அது அங்கே இருக்காது. நாங்கள் சத்தம் கேட்டு அண்ணாந்தோம், அது போய்விட்டது. அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்ததால் முழுசாகப் பார்த்தான். அப்புறம் விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் 9 ஹாக் விமானங்கள் இறக்கைக்கு இறக்கை ஐந்தே மீட்டர் இடைவெளியில் வந்தன. நம்ம கோவை சூலூரின் சாரங் சாகசக் குழு ஹெலிகாப்டர்களும் வந்தன. சாமானியனுக்கு என்ன இருக்கிறது என்று அந்தப் பொடியனைக் கேளுங்கள். அவன் அப்பா கட்டிய வரியில் பறப்பவைதான் அவை.

என் கோபம் தரையின் மேல். காட்சி நேரம் காலை 11 முதல் மதியம் 1 மணி வரை. இடம் பிடிக்க 8 மணிக்கே ஜனம் வந்துவிட்டது. குடையும் தண்ணீரும் கொண்டுவர முன்பே சொல்லியிருந்ததாக அரசுத் தரப்பில் பிறகு விளக்கம் தந்தார்கள். சரி, கையில் கொண்டுபோகும் ஒரு பாட்டில் எத்தனை மணி நேரம் வரும்? நிழலே இல்லாத மணலில் கைக்குழந்தையோடு நிற்பவருக்கு? கூட்டம் 15 லட்சம் என்றார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, மெட்ரோ வேலையால் ஏற்கெனவே குறுகியிருந்த காமராஜர் சாலைக்கு வந்தார்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. வெயிலில் சுருண்டவரைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது?

ஆளுக்கு 5 லட்சம் நிதி அறிவித்தது அரசு. தண்ணீர்த் தொட்டிக்கும் பந்தலுக்கும் முன்பே செலவழித்திருக்கலாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அன்று ஏற்பாட்டில் கோட்டை விட்டவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வார்த்தையை நான் எழுத மறுக்கிறேன். சில நாள் முன்பிருந்தே ஒத்திகை நடந்தது. மொட்டை மாடியில் நின்று எத்தனையோ பேர் பார்த்தார்கள். ஒத்திகையையும் காட்சியாகவே அறிவித்து நடத்தினால் கூட்டம் இரண்டு மூன்று நாளாகப் பிரியும். நேரத்தையும் மாலை 4 மணிக்கு மாற்றட்டும். மெரினாவில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு அப்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது.