பேந்து – கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்குப் பரந்தன் பக்கம், இப்போது வவுனியாவில் படிக்கிறேன். போன மாதம் வகுப்பில் ஒரு விளக்கம் சொல்லும்போது வாய்தவறி, ‘பிறகு’ என்பதற்குப் ‘பேந்து’ என்று சொல்லிவிட்டேன். விரிவுரையாளரே சிரித்துவிட்டார். “காட்டுத் தமிழ்” என்றார். அன்றிலிருந்து ‘அப்புறம்’ என்று சொல்லிப் பழகி வருகிறேன். பேந்து, பகிடி, அரியண்டம், கக்கூஸ், தறப்பாள் என்று நாங்கள் கதைக்கிற கொச்சைச் சொற்கள் எல்லாம் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவைதானா? அவற்றின் மூலத்தையும் சரியான தமிழ்ச் சொல்லையும் ஒரு பட்டியலாகத் தந்தால் உதவியாக இருக்கும். இன்னொன்று, ட்ரோனை ‘வண்டு’ என்று முதலில் சொன்னது யார்? கலியாண வீட்டில் படம் பிடிக்கிற ட்ரோன் சத்தம் கேட்டாலே அம்மா இப்போதும் வெளியே வர மாட்டா.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்பின் தங்கச்சிக்கு,

உம்முடைய கடிதம் வந்த நேரம் நான் வளவுக்குள் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தேன். மண் கையோடுதான் போனைத் திறந்தேன். தடியை ஊன்றிவிட்டு மண்ணை மிதிக்கிறபோது என் வாயில் வந்த சொல்லும் அதே ‘பேந்து’தான். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் ஒரு ஏச்சு. ‘வாய்தவறி’ என்று எழுதியிருக்கிறீர். அம்மாவிடம் கேட்டு வளர்ந்த சொல் வாயில் வந்தால் அது எப்படித் தவறாகும்? கொச்சையாம், காட்டுத் தமிழாம். எங்கள் வன்னிக்குப் பழைய பெயர் அடங்காப்பற்று. காடு என்பது எங்களுக்கு ஒரு திட்டே இல்லை.

போர்த்துக்கேயர் விசயம் எல்லாரும் எழுதித் தேய்ந்தது. கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் அவர்களுடையவை. அலுவலகத்தைச் சொல்கிற கந்தோரும், நீர் வெட்கப்படுகிற கக்கூசும் ஒல்லாந்தருடையவை. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். நாற்பது வருசம்கூட முழுதாக ஆளாதவர்களின் கதிரையில் நாங்கள் இன்னும் இருக்கிறோம். இருந்தால் என்ன குறைந்துவிட்டது? உமக்கு ‘அப்புறம்’ பழக்கிய தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி நாடகத்தில் வீட்டுச் ‘சாவி’ என்பார்களே, அதுவும் போர்த்துக்கேயம்தான். நாங்கள் அதைத் திறப்பு என்கிறோம். இனி யாராவது சிரித்தால் அந்தத் திறப்பை எடுத்துக் காட்டும்.

தறப்பாள், ஆங்கில டார்பாலின். தமிழ்நாட்டார் அதற்குள் ஒரு பாயைக் கண்டுபிடித்துத் தார்ப்பாய் ஆக்கினார்கள். எங்களுக்கு அது கூரை. பகிடிக்கு மூலம் தேடப் போனால் பகிடி செத்துவிடும், அதை விட்டுவிடுவோம். அரியண்டத்தையும் விடும். வண்டை யார் முதலில் சொன்னது என்று கேட்காதீர். அது போர்க்காலத்தில் தலைக்கு மேலே இரைந்த வேவு விமானத்துக்கு எல்லாப் பங்கருக்குள்ளும் ஒரே நேரத்தில் பிறந்த சொல். அடுத்த கலியாண வீட்டில் அம்மா வெளியே வராவிட்டால் நீரும் உள்ளுக்குப் போய்ப் பக்கத்தில் இரும்.

இப்போது பேந்துக்கு வருகிறேன். பேந்து என்றால் பெயர்ந்து. ‘சேர்ந்து’ வாயில் ‘சேந்து’ ஆகிறது, ‘பெயர்’ ‘பேர்’ ஆகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாரும்: பெயர்ந்து, பேர்ந்து, பேந்து. பழைய தமிழில் பெயர்தல் என்றால் இடம் விட்டு நகர்வதும்தான், திரும்பி வருவதும்தான். ‘பெயர்த்தும்’ என்றால் மறுபடியும். ஒரு போர்த்துக்கேயனும் இதற்குள் வரவில்லை.

நீர் ஓடிப்போய் ஒளிந்துகொண்ட ‘அப்புறம்’ நல்ல சொல்தான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. அதுவும் இடத்தைச் சொல்லித் தொடங்கிய சொல். அந்தப் புறம், அந்தப் பக்கம். வேலிக்கு அப்புறம் என்றும் சொல்லலாம், சாப்பாட்டுக்கு அப்புறம் என்றும் சொல்லலாம். ஆனால் அதற்கு ஆள் அசையத் தேவையில்லை, நின்ற இடத்தில் நின்று கையைக் காட்டினால் போதும். பேந்துக்கு அசைய வேண்டும். இருந்த இடத்தை விட்டுக் கிளம்பினால்தான் பேந்து.

இன்னும் ஒன்று. இடம்பெயர்வு, இடம்பெயர்ந்தோர் என்று எங்களைப் பற்றிக் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் பத்திரங்களிலும் நிவாரண அட்டைகளிலும் எழுதினார்களே, அந்தப் பெயர்தலும் இதே பெயர்தல்தான். ஒன்று சட்டை போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனது, மற்றது குசினியிலேயே நின்றுவிட்டது. நீர் ‘இடம்பெயர்ந்து’ என்று எழுதினால் உம்முடைய விரிவுரையாளர் புள்ளி போடுவார். ‘பேந்து’ என்றால் சிரிப்பார்.

1996 ஆடியில் கிளிநொச்சியில் செல் விழத் தொடங்கியபோது என் அம்மம்மா சட்டி பானைக்கு முதல் மரவள்ளித் தடியைத்தான் கட்டினா. முழ நீளத் துண்டுகளாக வெட்டி, நனைத்த சாக்கில் சுற்றி, என் சைக்கிள் கரியரில் வைத்து இறுக்கினா. “அம்மி?” என்று அம்மா கேட்டா. “பேந்து வந்து எடுப்பம்.” தையல் மெசின்? அதுவும் பேந்து. ஸ்கந்தபுரத்தில் ஒரு பாலை மரத்தடியில் நாங்கள் தறப்பாள் இழுத்துக் கட்டி முடிக்க முதல் அவ நட்டு முடித்துவிட்டா. முளைக்கண் மேலே பார்க்க வேண்டும், தடி கொஞ்சம் சரிந்து நிற்க வேண்டும். நான் ஒன்றைத் தலைகீழாக ஊன்றிவிட்டேன். அந்தக் குட்டு இன்னும் உச்சியில் இருக்கிறது.

மரவள்ளி கிழங்கு வைக்க எட்டு, பத்து மாதம் வேண்டும். ஸ்கந்தபுரம் எங்களுக்கு அந்த மாதங்களைத் தந்தது. அங்கே இரண்டு தரம் இழுத்தோம். 2008 கடைசியில் திரும்பவும் வெளிக்கிட்டோம். தருமபுரத்தில் நட்டது இலை விட்டது. விசுவமடுவில் நட்டது துளிர்த்ததோ என்று பார்க்க நாங்கள் அங்கே இருக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் மண்ணைக் குதிக்காலால் மிதித்து இறுக்கிவிட்டு அவ சொன்னது ஒன்றுதான்: “கிடக்கட்டும். பேந்து இழுப்பம்.”

சுதந்திரபுரத்தில் கையில் தடி இருக்கவில்லை. அன்று அவ பேந்து என்று சொல்லவும் இல்லை.

பிறகு செட்டிகுளம் முகாம். தண்ணீர் வரிசையில் யாரிடமோ ஒரு தடி கேட்டு வாங்கி வந்தா. தறப்பாளுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு சாண் நிலம், அதில் ஊன்றினா. அதையும் நாங்கள் இழுக்கவில்லை. இலையை மட்டும் ஒரு நாள் ஆய்ந்து வறை வறுத்தா, தேங்காய்ப்பூ இல்லாமல். 2010இல் ஊருக்கு வந்தபோது அம்மி இருந்த இடத்தில் நாயுருவி நின்றது.

வகுப்பிலும் சோதனைத் தாளிலும் ‘பிறகு’ என்று எழுதும். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், போய்ப் பாரும். எழுத்துக்கு ஒரு உடுப்பு, வீட்டுக்கு ஒரு உடுப்பு, அதில் பிழையில்லை. ஆனால் அம்மாவோடு போனில் கதைக்கும்போதும் ‘அப்புறம்’ என்றீரோ, பரந்தனுக்கு வந்து ஏசுவேன்.

விடுமுறைக்கு வந்தால் இந்தப் பக்கம் எட்டிப் பாரும், அம்மாவையும் கூட்டி வாரும். இன்று நட்டது தை மாசிக்கு இழுக்கலாம். அவித்துக் கட்டைச் சம்பலோடு தருகிறேன். தேத்தண்ணிக்கு மட்டும் இஞ்சி கேட்கக் கூடாது, மரவள்ளி தின்ற வயிற்றுக்கு இஞ்சி ஆகாது என்பது அம்மம்மாவின் சட்டம்.

பட்டியல் கேட்டிருந்தீர். அது பேந்து.