கொடையில் வில்லுப்பாட்டு பதிவது எப்படி, அண்ணாச்சி?

வள்ளியூரிலிருந்து: அண்ணாச்சி, எங்கள் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டை போனில் பதிந்தேன். குடத்தில் அடி விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கிவிடுகிறது. போன் பழசு என்பதாலா?

அது காரணமில்லை தம்பி. போன் சத்த அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும். குடத்தடி விழுந்ததும் மொத்தத்தையும் இறக்கிவிடும், பாட்டும் அதோடு போய்விடும். அளவை நாமே வைக்க விடுகிற ஆப் ஒன்றைப் போட்டு, உச்சத்தில்கூட மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள், பூஜ்யத்தைத் தொட்டால் சத்தம் உடைந்துவிடும். தொடக்கத்தில் வணக்கப் பாட்டு மெதுவாகப் போகும், அதை நம்பி அளவை முடிவு செய்துவிடாதீர்கள், சாமியாடிக்கு அருள் வரப் பாடும் சாமி வரத்துப் பாட்டு வரும்போது குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் ஒன்றாக ஏறும். 24 பிட் தரத்தில் பதிந்தால் சன்னமான சத்தத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். உடைந்த சத்தம் உடைந்ததுதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மைக்செட்டுக்காரரிடம் நேராக வயர் எடுத்தால் போதாதா?

புலவர், அதாவது முன்னின்று பாடுகிறவர், அவர் குரலுக்குப் போதும், குடத்துக்குப் போதாது. சின்னக் கோயில்களில் மைக் பெரும்பாலும் பாடுகிறவர்கள் முன்னால்தான் இருக்கும். வயரை மட்டும் நம்பி ஒரு கொடை முழுக்கப் பதிந்தேன். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது, குடமோ பக்கத்து ஊரில் அடிப்பது போல் கேட்டது. அந்த ராத்திரி திரும்பக் கிடைக்கவில்லை, இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் இரண்டையும் எடுங்கள்: வயர் ஒன்று, வில்லுக்கு 4 மீட்டர் முன்னால் ஆள் உயரத்தில் சொந்த மைக் ஒன்று. அந்தத் தூரத்தைக் கடக்க சத்தத்துக்கு சுமார் 12 மில்லி விநாடி ஆகும், ஆகவே சேர்க்கும்போது வயர் பதிவை அவ்வளவு பின்னால் தள்ளுங்கள். இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடாது, மணிக்கணக்கில் போனால் விலகும். அரை மணிக்கொரு தடவை ஒரு குடத்தடியைப் பிடித்துச் சரிபாருங்கள்.

செங்கோட்டையிலிருந்து: காற்று இரைச்சல்தான் எனக்குப் பிரச்சினை.

கணவாய்க் காற்றாச்சே, ஆடியில் மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் தாங்காது. ரோமம் வைத்த உறை வாங்குங்கள், கோயில் சுவரின் மறைவில் நில்லுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானும் உதவும், ஆனால் உறுமி மேளம் இருந்தால் அதன் அடிக்குரலும் குறைந்துவிடுமே என்று அதை அழுத்த எனக்கு மனசு வராது.

நாங்குநேரியிலிருந்து: கணியான் கூத்துக்கும் இதே முறைதானா?

இல்லை. அங்கே உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் (தோல் கருவி) ஒன்றுக்கொன்று பதில் சொல்லும், அந்த உரையாடல் காதில் விழ வேண்டும். ஸ்டீரியோவில் எடுங்கள். ஆடுகிறவர் நகர்ந்தாலும் நீங்கள் நகராதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: விடிய விடிய பதிய எவ்வளவு இடம் வேண்டும்?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் மணிக்கு 1 ஜிபி. 16 ஜிபி கார்டும் பவர் பேங்கும் போதும். பதியும் முன் புலவரிடம் கேட்டுவிடுங்கள், முடிந்ததும் ஒரு பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுங்கள்.