4 வயதுப் பையனின் அடத்துக்கு, பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சை பலன் தருமா?

கேட்டிருப்பது இது: "மகனுக்கு 4 வயது. நினைத்தது கிடைக்காவிட்டால் விழுந்து புரள்கிறான், அடிக்கிறான், கடிக்கிறான். பிள்ளைக்கு இல்லாமல் பெற்றோருக்கே பயிற்சி தரும் சிகிச்சை இருக்கிறதாமே, உபயோகப்படுமா? மாமனார் மாமியாரோடு இருக்கும் வீட்டில் நடக்குமா?"

உபயோகப்படும். ஆனால் முதல் மூன்று வாரம் அழுகை உங்களுக்குத்தான் வரும்.

நான் அம்பாசமுத்திரத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் என் மகன் எல்.கே.ஜி. ஒரே மாதத்தில் மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "வீட்டில் வைத்துத் திருத்தி அனுப்புங்கள்" என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே திருத்தம் முதுகில் இரண்டு வைப்பது. வைத்தேன். அன்றைக்கு ராத்திரி அடங்கிப் படுப்பான், மறுநாள் காலையில் அவன் அம்மாவை அடிப்பான். அடி என்பதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்தோம். அந்த அம்மா முதலில் கேட்டது, "காது நன்றாகக் கேட்கிறதா, வயதுக்கேற்ற பேச்சு இருக்கிறதா, பார்த்துவிட்டீர்களா?" நாம் சொல்வது காதில் விழாத பிள்ளையும், நினைத்ததைச் சொல்ல வராத பிள்ளையும் கையைத்தான் நீட்டும், பல்லைத்தான் காட்டும். நீங்களும் முதலில் அதை முடித்துவிடுங்கள். தனியாரிடம் போக முடியாவிட்டால், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் சோதனைக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னால் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள்.

நீங்கள் கேட்ட, அந்த அம்மா எங்களுக்குத் தந்த சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் பேரண்ட் சைல்ட் இன்டராக்ஷன் தெரபி என்று பெயர், சுருக்கமாகப் பி.சி.ஐ.டி. 1970களில் அமெரிக்காவில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் உருவாக்கியது. 2 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. விளையாட்டு வழியாகச் சிகிச்சை கொடுத்தால் பிள்ளை சிகிச்சை தருபவரோடு ஒட்டிக்கொள்கிறது, வீட்டுக்குப் போனால் பழைய கதைதான். அந்த வித்தையைப் பெற்றவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். அதனால் அறைக்குள் பிள்ளையோடு விளையாடுவது நாம்தான். சிகிச்சை தருபவர் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நம் காதுக்குள் சொல்லிக் கொடுப்பார். எங்களுக்கு ஏது கண்ணாடி அறை? அரிசி டின்மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால். என் ஒரு காதில் கடையில் விற்கிற அதே ப்ளூடூத்.

முதல் பாதியில் பிள்ளை இழுத்த இழுப்புக்கு நாம் போக வேண்டும். தினமும் வீட்டில் 5 நிமிடம். கட்டை அடுக்குவது, படம் வரைவது, சொப்பு வைத்து விளையாடுவது எல்லாம் சரி. எங்கள் ஊர் மரச் சொப்பு, உரலும் அம்மியும் குடமுமாக, இதற்கென்றே கடைந்தது போல இருந்தது. துப்பாக்கி, பந்து, தோற்றவர் ஜெயித்தவர் உள்ள ஆட்டம் வேண்டாம். அந்த 5 நிமிடத்தில் கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அவன் நல்லதாகச் செய்வது எது என்று குறிப்பிட்டுச் சொல்லி மெச்ச வேண்டும். அவன் பேசியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் செய்வதைத் தேரோட்ட நேர்முக வர்ணனை போலச் சொல்ல வேண்டும். "தேர் வாகையடி முக்கில் திரும்புகிறது" என்று மைக்கில் சொல்வார்களே, அப்படி, "சிவப்புக் கட்டைய மேல வைக்கிய. இப்ப பச்சைய எடுக்க."

கேட்கச் சுலபமாக இருக்கும். முதல் 5 நிமிடத்தில் அந்த அம்மா எண்ணிச் சொன்ன கணக்கு: கேள்வி 23, ஏவல் 11, மெச்சியது 1. அந்த ஒன்றும் "ஆங், சரி" என்பதுதான். பொத்தாம்பொதுவாக "குட் பாய்" என்றாலும் கணக்கில் வராது. தேற வேண்டுமானால் 5 நிமிடத்தில் செய்ததைக் குறிப்பிட்டு மெச்சுவது 10, திருப்பிச் சொல்வது 10, வர்ணனை 10 வர வேண்டும். கேள்வி, ஏவல், குறை எல்லாம் சேர்த்து மூன்றுக்குள் அடங்க வேண்டும்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். நம் பக்கத்தில் பிள்ளைமேல் வைத்த பிரியம் முழுவதும் கேள்வியாகத்தான் வருகிறது. "என்னல செய்த? யாரு பிள்ளைல நீ? இது என்ன கலரு?" கொஞ்சலே விசாரணைதான். அதை நிறுத்தியதும் பேச எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் பேசுகிறவன், பெற்ற பிள்ளை முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வாரம்தான் 10 வந்தது. அதற்குள்ளாகவே கடிப்பது நின்றிருந்தது. ஏவல் பாடத்தை நாங்கள் இன்னும் தொடக்கூட இல்லை.

ஐபெர்க் பெயரிலேயே 36 கேள்விகள் உள்ள ஒரு தாள் உண்டு. பிள்ளை ஒவ்வொன்றையும் எவ்வளவு அடிக்கடி செய்கிறான் என்று குறிக்க வேண்டும், பக்கத்தில் அது உங்களுக்குப் பிரச்சினையா என்றும் தனியாகக் குறிக்க வேண்டும். நான் 'ஆமாம்' போட்ட பல இடத்தில் என் மனைவி 'இல்லை' போட்டிருந்தாள். எங்கள் வீட்டுச் சண்டைகள் பாதிக்கு அந்தத் தாளிலேயே காரணம் கிடைத்தது.

இரண்டாம் பாதிதான் ஏவல். ஒரு நேரத்தில் ஒன்று, தெளிவாக, எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது. "சாமானை எடுத்து வைப்போமா?" என்றால் அது கேள்வி, "மாட்டேன்" என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. "கட்டைய டப்பாக்குள்ள போடு", அவ்வளவுதான். சொல்லிவிட்டு 5 விநாடி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கிராசிங்குக்கு நிற்கிற செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி அந்த 5 விநாடி நகராது. செய்தால் உடனே மெச்சல். செய்யாவிட்டால் அதே குரலில் ஒரே ஒரு எச்சரிக்கை. அதற்கும் மசியவில்லை என்றால் நாற்காலியில் உட்கார வைப்பது. 3 நிமிடம், கடைசி 5 விநாடி சத்தமில்லாமல் இருக்க வேண்டும். இறங்கியதும் அதே கட்டை, அதே டப்பா. முதல் நாள் முக்கால் மணி நேரம் கத்தினான், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குறைவதற்கு முன்னால் கொஞ்சம் கூடத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம். தயவுசெய்து இந்த நாற்காலியை மட்டும் பிய்த்து எடுத்து நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். முதல் பாதி இல்லாமல் செய்தால் அது இன்னொரு அடிதான்.

இத்தனை வாரம் என்று கணக்குக் கிடையாது, பெற்றவர்கள் தேறினால்தான் முடியும். பொதுவாக 12 முதல் 20 அமர்வு ஆகும். எங்களுக்கு 17. இந்த முறையில் பயிற்சி பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

இனி உங்கள் மாமியார் விஷயம். எங்கள் வீட்டில் என் அம்மா. பேரனை நான் மெச்சுவதைக் கேட்டு முதல் வாரமே சண்டை. "ஏல, பிள்ளைய மொகத்துக்கு நேரா மெச்சாத. கண்ணு பட்டுரும்." சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். நாற்காலியில் உட்கார வைத்தபோது இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆலோசகர் வீடியோவிலேயே பேரனுக்கு ஆச்சியான என் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, 5 நிமிடம் நீங்கள் விளையாடுங்கள் என்றார். ஆச்சி உரலில் பொய்யாக மாவு இடித்தாள், பேரன் கூட இடித்தான். "சிந்தாம இடிக்க, நல்லாருக்கு" என்றாள். காதில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த வார்த்தை. பிறகு என்னிடம் சொன்னாள்: "பிள்ளையச் சொன்னாத்தாம்ல கண்ணு படும். செஞ்ச காரியத்தச் சொன்னா எப்படிப் படும்?"

17 அமர்வுப் பாடத்தை ஆச்சி ஒரு வரியில் சொல்லிவிட்டாள். சுற்றிப் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் மிளகாய் நெடி இருக்கும், வந்தால் தும்முவீர்கள்.