எக்ஸ்றே படம் பிறந்த திகதியைச் சொல்லுமா?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து வெவ்வேறு திசைகளில் இடம்பெயர்ந்த எங்கள் குடும்பத்தில், எனது தங்கையும் கணவரும் 2009 இல் உயிரிழந்தார்கள். அவர்களுடைய கைக்குழந்தையை அவ்வாண்டு முகாமில் பொறுப்பேற்றது முதல் நானே வளர்க்கிறேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. பிறந்த நாளும் எனக்குத் தெரியாது. நாங்கள் கணித்த வயதுக்கு அவன் உயரம் போதாது என்று கிளினிக்கில் இடது கையை எக்ஸ்றே எடுக்கச் சொல்கிறார்கள். அதில் உண்மையான வயது தெரியுமா? கதிர்வீச்சு தீங்கு செய்யுமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஒரு கையை எக்ஸ்றே எடுப்பதால் கிடைக்கும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் ஒரு நாளில் இயல்பாகப் பெறும் அளவிலும் குறைவானது. தயங்காமல் எடுங்கள்.

ஆனால் அந்தப் படம் காட்டுவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதையே. வளரும் பிள்ளையின் விரல் எலும்புகளின் அடிப்பகுதியிலும் மணிக்கட்டிலும், எலும்பை நீளச்செய்யும் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உண்டு. எக்ஸ்றேயில் அவை கருங்கோடுகளாகத் தெரியும். பருவமடையும் காலத்தில் விரல் நுனிகளில் தொடங்கி அவை ஒவ்வொன்றாக மூடிக்கொள்ள, மணிக்கட்டில் ஆரை எலும்பின் (முன்கையில் பெருவிரல் பக்கத்து எலும்பு) தட்டே கடைசியாக மூடும். மருத்துவர் இந்தப் படிநிலைகளை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு ‘எலும்பு வயதை’க் கணிக்கிறார். பரவலாகப் பயன்படும் கிரியுலிக், பைல் ஆகியோரின் 1959 ஆம் ஆண்டுத் தொகுப்பு, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியாக வளர்ந்த பிள்ளைகளின் படங்களைக் கொண்டது. இளம்பருவத்தில் முழு ஆரோக்கியமான பிள்ளைக்கும் எலும்பு வயது உண்மை வயதிலிருந்து இரண்டு ஆண்டுவரை முன்பின்னாக இருக்கலாம். போதிய உணவின்மையும் தைரொயிட் குறைபாடும் நீண்டகால நோய்களும் அதை இன்னும் பின்தள்ளும்.

உங்கள் மகனின் விடயத்தில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. எலும்பு வயது பின்தங்கியுள்ளதா என்று சொல்வதற்கே உண்மை வயது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கணித்ததைவிட அவன் ஒன்றரை வயது இளையவனாயின், அவன் குள்ளமும் அல்லன், பின்தங்கியவனும் அல்லன்.

ஆகவே உங்கள் நினைவைத்தான் நான் பெரிதும் நம்புவேன். அவனை நீங்கள் பொறுப்பேற்றபோது பிடிக்காமல் உட்கார்ந்தானா, பல் முளைத்திருந்ததா, நடந்தானா? பட்டினியால் அவை சற்றுத் தாமதித்திருக்கலாம். எனினும் அந்தக் கணக்கில் வரும் பிழை பெரும்பாலும் மாதங்களாகவே இருக்கும், இப்போது எடுக்கும் எக்ஸ்றேயிலோ ஆண்டுகளாக இருக்கும். செட்டிகுளம் முகாம்களில் தடுப்பூசி போட்ட அட்டை யாரிடமாவது எஞ்சியிருந்தால் அதையும் தேடுங்கள். பிறப்பு பதியப்படவில்லையெனில், காலங்கடந்த பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

மூன்று மாதத்திற்கொருமுறை, அதே சுவரில், வெறுங்காலுடன் நிறுத்தி உயரத்தைக் குறித்துவாருங்கள். பிறந்த திகதி தெரியாவிட்டாலும் வளர்ச்சி வேகம் மருத்துவருக்கு உதவும்: ஆண்டுக்கு 4 சென்ரிமீற்றருக்கும் குறைவாக வளர்ந்து, படத்தில் தட்டுகள் திறந்தும் இருந்தால், தைரொயிட், இரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. தட்டுகள் மூடிய பின்னர் உயரத்துக்குச் சிகிச்சை பயன் தராது என்பதால், அந்தக் குறிப்புகளை அடுத்த கிளினிக்குக்கே எடுத்துச் செல்லுங்கள்.